நாற்பது வயதுக்கு மேல் நன்கொடையாளர் ஆய்வு வேலைக்கு மாறலாமா?

கேள்வி இதுதான்: வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இருபது வருடமாக நூலகம், கணக்கு, பத்திரிகை என்று வேறு துறையில் வேலை. இனி ஒரு தொண்டு நிறுவனத்திலோ பல்கலைக்கழகத்திலோ நிதி திரட்டும் பிரிவில் நன்கொடையாளர் ஆய்வாளராகச் சேர முடியுமா? யாரிடமும் நன்கொடை கேட்டுப் பழக்கம் இல்லை, அது தடையாகுமா?

சேர முடியும். கேட்டுப் பழக்கமில்லாதது தடையே இல்லை, ஏனென்றால் ஆய்வாளர் யாரிடமும் போய்க் கேட்பதில்லை. கேட்கப் போகிற அதிகாரி யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு கேட்கலாம், எந்தப் பணிக்காகக் கேட்டால் அவர் மனம் இசையும், அல்லது இந்த மனிதரிடம் கேட்காமல் இருப்பதே நிறுவனத்துக்கு நல்லதா என்று முடிவெடுக்கத் தேவையானதைத் தேடி, சரிபார்த்து, சுருக்கி எழுதிக் கொடுப்பதே வேலை. பணக்காரர்களின் பட்டியல் எடுப்பதுதான் இந்த வேலை என்று நினைத்து வருகிறவர்கள் சில மாதங்களில் சலித்துப் போகிறார்கள். அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

ஒருவரைப் பற்றிப் பார்க்க வேண்டியவை மூன்று. அவரால் எவ்வளவு தர முடியும் என்பது கொடைத்திறன். உங்கள் நிறுவனத்தோடும் அதன் பணியோடும் அவருக்கு என்ன தொடர்பு என்பது ஈடுபாடு. இதற்கு முன் எங்கெங்கே கொடுத்திருக்கிறார் என்பது கொடைப் பழக்கம். புதிதாக வருகிறவர்கள் முதலாவதிலேயே நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் பங்கு, நிலம், கம்பெனி என்று எண்ணாகக் கிடைப்பது அது ஒன்றுதான். ஆனால் செய்தியில் அடிபடும் கோடீஸ்வரருக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரே தெரியாது. பதினைந்து வருடமாகத் தவறாமல் சிறு தொகை அனுப்பிவரும் ஓய்வுபெற்ற மருத்துவருக்கு இரண்டு வீடும் நல்ல ஓய்வூதியமும் இருக்கலாம். பெரிய தொகைக்கு முதலில் பார்க்க வேண்டியவர் பெரும்பாலும் இந்த இரண்டாமவர்தான்.

அதனால் தேடலைத் தொடங்க வேண்டிய இடம் உங்கள் நிறுவனத்தின் சொந்த டேட்டாபேஸ். கடைசியாக எப்போது கொடுத்தார், எத்தனை முறை கொடுத்தார், மொத்தம் எவ்வளவு என்ற மூன்றையும் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 5 வரை மதிப்பிட்டுக் கூட்டினாலே, யாரும் கவனிக்காமல் விட்ட பெயர்கள் மேலே வந்துவிடும். வெளியிலிருந்து விலைக்கு வாங்கும் எந்தத் தரவையும்விட இது நம்பகமானது, செலவும் இல்லை.

நடுவயதில் வருவது இங்கே உண்மையிலேயே ஒரு பலம். முன்பு செய்த வேலை எதுவோ அதற்கேற்ற ஒரு திறமை கையில் இருக்கும், கூடவே விட்டொழிக்க வேண்டிய ஒரு பழக்கமும் இருக்கும். நூலகருக்கு மூலத்தை எடைபோடத் தெரியும், ஆனால் எல்லாவற்றையும் தேடி முடித்த பிறகே தர வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே காலதாமதம் ஆகும். கணக்காளர் ஆண்டறிக்கையைப் பத்து நிமிடத்தில் படித்துவிடுவார், ஆனால் கடைசி ரூபாய் வரை ஒத்துப்போக வேண்டும் என்பார். இங்கே எல்லாமே மதிப்பீடு, ஒரு வீச்சுக்குள் இருந்தால் போதும். பத்திரிகையாளருக்கு விசாரிக்கத் தெரியும், எழுதத் தெரியும், ஆனால் கிடைத்த சுவையான தகவலைப் போடாமல் விடுவது அவருக்குக் கஷ்டம். வங்கியில் கடன் மதிப்பீடு செய்தவர்கள், வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆவணம் தேடியவர்கள், ஆள்தேர்வு நிறுவனங்களில் ஆய்வு செய்தவர்கள் ஆகியோருக்கு மாற்றம் ஒப்பீட்டளவில் எளிது. எல்லாரிடமும் எதிர்பார்க்கப்படுவது வாயடக்கம். பக்கத்து மேசைக்காரரிடம்கூட ஒரு நன்கொடையாளரின் சொத்து விவரத்தைப் பேசக் கூடாது.

இனி வேலையின் நுட்பம். பொது ஆவணங்களை எங்கே, எப்படிப் படிப்பது என்பதுதான் இதன் உயிர்நாடி, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் பங்குச்சந்தையில் உள்ள கம்பெனியின் இயக்குநர்கள், உயரதிகாரிகள், 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் தங்கள் பங்குகளில் நடக்கும் மாற்றத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் நான்காம் எண் படிவத்தில் பங்குச்சந்தை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எட்கர் என்ற அரசுத் தளத்தில் இவை இலவசம். அதில் முதல் அட்டவணையின் ஐந்தாவது பத்தி, பரிமாற்றத்துக்குப் பிறகு கையில் மீதி இருக்கும் பங்குகளைக் காட்டும். ஒரே நாளில் ஐந்து விற்பனை நடந்திருந்தால் ஐந்து வரிகள் இருக்கும். புதியவர்கள் அந்த ஐந்து வரிகளின் மீதியையும் கூட்டிவிடுகிறார்கள், சொத்து ஐந்து மடங்காகிவிடும். கடைசி வரியை மட்டும் எடுக்க வேண்டும். நேரடியாக வைத்திருப்பது டி என்றும், டிரஸ்ட் அல்லது குடும்பத்தார் வழியாக வைத்திருப்பது ஐ என்றும் பக்கத்துப் பத்தியில் குறித்திருக்கும். ஒவ்வொரு வகைக்கும் அதன் கடைசி வரியை எடுத்துக் கூட்டுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. நேரடியாக 1,50,000 பங்கு, குடும்ப டிரஸ்டில் 50,000 பங்கு, விலை 40 டாலர் என்றால் 80 லட்சம் டாலர். இதோடு 30 டாலர் விலையில் வாங்கும் உரிமையாக 1,00,000 பங்குக்கு ஆப்ஷன் இருந்தால் அதை 40 லட்சம் என்று சேர்க்கக் கூடாது. லாபம் பங்குக்கு 10 டாலர், ஆகவே 10 லட்சம். அதுவும் உரிமை முதிர்ந்திருந்தால்தான், வரிக்கு முன்பு. முதிராத ஆப்ஷனைத் தனிக் குறிப்பாக மட்டும் எழுதி வையுங்கள்.

அதே படிவத்தில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஓர் எழுத்துக் குறியீடு உண்டு. எஸ் என்றால் விற்பனை, பி என்றால் வாங்கியது, எஃப் என்றால் வரிக்காகப் பிடித்தம். நாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேட வேண்டியது ஜி: பங்கை அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார். முன்பு ஆண்டு முடிந்த பிறகு வேறொரு படிவத்தில் காட்டலாம் என்றிருந்ததை 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டு வேலை நாட்களுக்குள் காட்ட வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். ஆண்டுதோறும் டிசம்பரில் ஒருவர் ஜி குறியீட்டில் பங்கு கொடுத்துவந்தால், எந்த மாதத்தில் அவரைச் சந்திக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிகிறது. ஆனால் ஜி என்பது தர்மத்துக்குப் போனதாகவே இருக்க வேண்டியதில்லை, பிள்ளைகளின் டிரஸ்டுக்கும் போயிருக்கலாம். அடிக்குறிப்பைப் படிக்காமல் எழுதாதீர்கள்.

குடும்ப அறக்கட்டளைகள் அங்கே வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்யும் 990-பிஎஃப் படிவம் இன்னொரு புதையல். தனியார் அறக்கட்டளைகள் முதலீட்டுச் சொத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தை ஆண்டுதோறும் தர்மத்துக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். அதாவது 2 கோடி டாலர் சொத்துள்ள அறக்கட்டளையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் வெளியே போகும். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலும் அதிலேயே இருக்கிறது. அதில் மிகப் பெரிய தொகையை மட்டும் பார்த்து மயங்காமல், நடுத்தரமான தொகை எது, புதிய அமைப்புக்கு முதல் முறை எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களுக்கு முதலில் கிடைக்கப் போவது ஏறக்குறைய அந்தத் தொகைதான். படிவம் ஓரிரு வருடம் பழையதாக இருக்கும் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். லாப நோக்கமற்ற செய்தி நிறுவனமான புரோபப்ளிகாவின் தளத்தில் இவற்றை இலவசமாகப் பார்க்கலாம். பவுண்டேஷன் சென்டரும் கைட்ஸ்டாரும் 2019-இல் இணைந்து உருவான, தொண்டு நிறுவனத் தகவல்களைத் திரட்டித் தரும் கேண்டிட் அமைப்பிடமும் இருக்கின்றன.

பிரிட்டனில் கம்பெனிஸ் ஹவுஸ் பதிவேடு இலவசம். இயக்குநரின் பிறந்த மாதமும் வருடமும் அதில் இருப்பதால் ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறிய உதவும். 25 சதவீதத்துக்கு மேல் கட்டுப்பாடு உள்ளவர்களின் பெயரும் 2016-இலிருந்து பதிவாகிறது. அறக்கட்டளைக் கணக்குகள் சாரிட்டி கமிஷன் பதிவேட்டில் கிடைக்கும். இந்தியாவில் கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவேடு உண்டு. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற வரம்புகளில் ஒன்றை எட்டிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அது கம்பெனியின் பணம். முதலாளியின் சொந்தக் கொடைத்திறனோடு அதைச் சேர்த்து எழுதக் கூடாது. எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறீர்களோ அந்த நாட்டின் மூன்று பதிவேடுகளை, அதாவது கம்பெனி, அறக்கட்டளை, நிலம் ஆகியவற்றை முழுதாகக் கற்றுக்கொண்டால் அடித்தளம் போட்டாயிற்று.

இவற்றை ஓர் எண்ணாக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் தோராயக் கணக்கு: தெரிந்த சொத்தில் சுமார் 5 சதவீதத்தை ஐந்து ஆண்டுகளில் ஒருவரால் தர முடியும் என்று வைத்துக்கொள்வது. பங்கு 80 லட்சம், வீடுகள் 20 லட்சம், ஆக ஒரு கோடி டாலர் தெரிகிறது என்றால் கொடைத்திறன் ஐந்தாண்டுகளில் 5 லட்சம். இதை ஒற்றை எண்ணாக எழுதாமல் "இரண்டரை லட்சம் முதல் 5 லட்சம்", "5 லட்சம் முதல் 10 லட்சம்" என்று உங்கள் நிறுவனம் வைத்திருக்கும் படிநிலையில் போடுங்கள். பிறகு அவர் வேறெங்காவது கொடுத்த மிகப் பெரிய தொகையோடு ஒப்பிடுங்கள். கணக்கு 5 லட்சம் சொல்கிறது, அவரோ ஒரு மருத்துவமனைக்கு ஏற்கெனவே 20 லட்சம் கொடுத்திருக்கிறார் என்றால், கணக்குக்குத் தெரியாத சொத்து எங்கோ இருக்கிறது. பொது ஆவணத்தில் தெரிவது சொத்தின் ஒரு பகுதிதான். கடன் அநேகமாகத் தெரியவே தெரியாது. கம்பெனியின் விற்றுமுதலை முதலாளியின் சொத்தாக எழுதுவது இந்தத் துறையில் மிக அடிக்கடி நடக்கும் பிழை.

அதற்கு அடுத்த பெரும் பிழை ஆள் மாறாட்டம். தந்தையும் மகனும் ஒரே பெயர், ஒரே ஊரில் அதே பெயரில் மூன்று பேர், விற்றுவிட்ட வீடு இன்னும் பழைய பெயரில். வெல்த் ஸ்கிரீனிங் என்று டோனர்சர்ச், வெல்த்எஞ்சின் போன்ற நிறுவனங்களிடம் மொத்தப் பட்டியலைக் கொடுத்து மதிப்பீடு வாங்கும்போது இது கொத்துக் கொத்தாக நடக்கும். கணினி பெயரையும் முகவரியையும் வைத்துப் பொருத்துகிறது, அவ்வளவுதான். வந்த பட்டியலை அப்படியே அதிகாரிகளிடம் கொடுக்காமல், மேலிருந்து முதல் ஐம்பது நூறு பெயர்களைக் கையால் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும். ஒரு தகவலை ஏற்க, பெயரைத் தவிர இரண்டு அடையாளங்களாவது ஒத்துப்போக வேண்டும் என்ற விதியை வைத்துக்கொள்ளுங்கள்: முகவரி, வயது, துணைவர் பெயர், படித்த கல்லூரி, வேலை, இவற்றில் ஏதாவது இரண்டு. தப்பான மனிதரின் சொத்தை நம்பிப் பத்து மடங்கு கேட்டுவிட்டால் அந்த உறவு அன்றோடு முறிந்துவிடும்.

தனியுரிமைச் சட்டத்தை வேலையில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பிரிட்டனில் நன்கொடையாளர்களுக்குத் தெரிவிக்காமல் அவர்களின் செல்வ நிலையை அலசியது உள்ளிட்ட காரணங்களுக்காக 2016 டிசம்பரில் இரண்டு பெரிய தொண்டு நிறுவனங்களுக்கும், 2017 ஏப்ரலில் மேலும் பதினொன்றுக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் அபராதம் விதித்தது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவரைப் பற்றி வேறிடத்திலிருந்து தகவல் சேகரித்தால் அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பொது விதி. தன் கோப்பைக் காட்டச் சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. அமெரிக்காவில் தேர்தல் ஆணையத்தின் அரசியல் நன்கொடைப் பதிவுகள் திறந்தே கிடக்கும், ஆனால் அதிலுள்ள தனிநபர்களின் பெயரையும் முகவரியையும் நன்கொடை கேட்கப் பயன்படுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் எடுத்துக்கொள்ளத் தக்கதல்ல.

ஆகவே ஒவ்வொரு வரியையும், அந்த நன்கொடையாளர் உங்கள் எதிரில் உட்கார்ந்து படிக்கப் போகிறார் என்று நினைத்தே எழுதுங்கள். விவாகரத்து வதந்தி, உடல்நலம், பிள்ளைகளின் பள்ளி, மத நம்பிக்கை பற்றிய ஊகம் எதுவும் கோப்பில் வேண்டாம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைச் சுருக்கவும் மொழிபெயர்க்கவும் பயன்படுத்தலாம், ஆனால் நிறுவனம் அனுமதிக்காத பொதுக் கருவியில் நன்கொடையாளர் தரவை ஒட்டாதீர்கள். அது தரும் எந்தத் தகவலையும் மூல ஆவணத்தைத் திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள். இல்லாத அறக்கட்டளைப் பதவிகளை அது உறுதியான குரலில் சொல்லும்.

ஆய்வாளருக்கு "வேண்டாம்" என்று சொல்லும் பொறுப்பும் உண்டு. லண்டன் பொருளாதாரக் கல்லூரி கடாஃபி குடும்பத்தின் அறக்கட்டளையிடம் 15 லட்சம் பவுண்டு வாக்குறுதி பெற்றது. 2011-இல் லிபியாவில் கிளர்ச்சி வெடித்தபோது அது பெரும் சர்ச்சையாகி, கல்லூரியின் இயக்குநரே பதவி விலகினார். பணம் வந்த வழி, வழக்குகள், அரசுகளின் பொருளாதாரத் தடைப் பட்டியல்கள், அரசியல் தொடர்பு ஆகியவற்றை நன்கொடையை ஏற்பதற்கு முன்பே பார்த்து எழுதுவது இப்போது பெரிய நிறுவனங்களில் ஆய்வாளரின் அன்றாட வேலை. தணிக்கை, சட்டம், வங்கி ஆகியவற்றிலிருந்து வருகிறவர்கள் இங்கே சட்டென்று மதிப்புப் பெறுவார்கள்.

தயாராவதற்கு வாரம் ஆறேழு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று மாதம் போதும். முதல் மாதம் பதிவேடுகள்: தெரிந்த பத்து கம்பெனிகளின் இயக்குநர்களை எடுத்துப் பங்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் மாதம் எக்செல்: பிவட் டேபிள், எக்ஸ்லுக்அப், இரட்டைப் பதிவுகளை நீக்குவது. முடிந்தால் டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் அடிப்படை வினவல்கள். ரெய்சர்ஸ் எட்ஜ் போன்ற நன்கொடையாளர் டேட்டாபேஸ் மென்பொருளை வீட்டில் பழகுவது கடினம், அதைப் பற்றிக் கவலையும் வேண்டாம், சேர்ந்த இடத்தில் கற்றுக்கொடுப்பார்கள். மூன்றாம் மாதம் முழுவதும் எழுத்து. ஏற்கெனவே பொதுவாழ்வில் இருக்கும் ஒரு கம்பெனித் தலைவரை எடுத்து, மூன்று அளவில் எழுதுங்கள்: நிகழ்ச்சிக்கு வருகிறவர் என்ற முறையில் ஆறு வரி, முதல் சந்திப்புக்கு ஒரு பக்கம், பெரிய தொகை கேட்பதற்கு முன் மூன்று நான்கு பக்கம். வீட்டு முகவரி, குழந்தைகள் பற்றிய விவரம் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆவணமும் தேதியும் இருக்க வேண்டும், உறுதி எது, ஊகம் எது என்று பிரித்திருக்க வேண்டும். முதல் பத்தியிலேயே "இவரை இன்ன பணிக்காக, இன்ன வீச்சில், இன்னார் வழியாக அணுகலாம்" என்ற பரிந்துரை வர வேண்டும். இந்த மூன்றும் கையில் இருந்தால் சான்றிதழைவிட அதிகம் பேசும்.

1987-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆப்ரா இந்தத் தொழிலுக்கான சங்கம். அதன் நெறிமுறை அறிக்கையைக் கட்டாயம் படியுங்கள், நேர்முகத்தில் கேட்பார்கள். வேலை தேடும்போது ஒரே பெயரில் தேடாதீர்கள். ப்ராஸ்பெக்ட் ரிசர்ச், ப்ராஸ்பெக்ட் டெவலப்மென்ட், டெவலப்மென்ட் ரிசர்ச், அட்வான்ஸ்மென்ட் ரிசர்ச், ப்ராஸ்பெக்ட் மேனேஜ்மென்ட் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். தனி ஆய்வாளரை வைத்துக்கொள்வது பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், பெரிய தொண்டு அமைப்புகள், அருங்காட்சியகங்கள். சிறிய அமைப்பில் இந்த வேலை வேறு நான்கு வேலைகளோடு சேர்ந்தே இருக்கும். நேரடியாக இடம் கிடைக்காவிட்டால், நன்கொடையை வரவு வைத்து ரசீது அனுப்பும் பிரிவில் சேர்வது நல்ல வழி. ஒரு வருடத்தில் டேட்டாபேஸின் ஒவ்வொரு மூலையும் தெரிந்துவிடும், ஆய்வுப் பிரிவில் இடம் காலியானால் முதலில் உங்களைத்தான் நினைப்பார்கள்.

சம்பளத்தை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும்: வங்கி, சட்டம், மென்பொருள் துறைகளில் மூத்த பதவியில் இருந்து வருகிறவருக்கு ஆரம்பத்தில் கணிசமாகக் குறையும், உங்களைவிட இளையவர் மேலாளராக இருப்பார். குடும்பக் கணக்கை அதற்கேற்ப முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். மறுபக்கம், வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலை இது. பகுதிநேர வாய்ப்பும் ஒப்பந்த வாய்ப்பும் இருக்கின்றன.

நேர்முகத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு பெயரைக் கொடுத்து ஒரு பக்கம் எழுதச் சொல்வது வழக்கம். அங்கே பலர் தோற்பது தகவல் குறைவால் அல்ல. நேரம் முழுவதையும் தேடலில் செலவழித்துவிட்டுப் பரிந்துரை எழுத நேரமில்லாமல் போவதால். நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுத்துக்கு ஒதுக்குங்கள். கிடைக்காத தகவலை "பொது ஆவணங்களில் கிடைக்கவில்லை" என்று எழுதுவது குறையல்ல, தேர்வாளர் அதைக் கவனிப்பார்.

நீங்களும் அவர்களிடம் கேட்க வேண்டும். பெரிய நன்கொடைகளைக் கேட்கப் போகிற அதிகாரி ஒவ்வொருவரின் பொறுப்பிலும் எத்தனை நன்கொடையாளர் பெயர்கள் இருக்கின்றன? நூறு முதல் நூற்றைம்பது வரை என்றால் இயல்பு, நானூறு என்றால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று பொருள். ஆய்வுக் கோரிக்கைகள் எழுத்தில் வருமா, நடைபாதையில் வாய்மொழியாக வருமா? தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார்? கடைசியாக, சென்ற ஆண்டு ஆய்வு முடித்துக் கொடுத்த பெயர்களில் எத்தனை பேரை ஆறு மாதத்துக்குள் நேரில் சந்தித்தார்கள்? இதற்குத் தோராயமாகக்கூட விடை சொல்ல முடியாத இடத்தில் நீங்கள் எழுதுவதெல்லாம் டேட்டாபேஸுக்குள்ளேயே கிடக்கும். வேறு அழைப்பு கையில் இருந்தால் அங்கே போங்கள்.